ஏலச் சந்தையும் கல்விச் சந்தையும்

கல்விக்குப் பொருள் வேண்டும்; பொருளீட்டுவோர் அதற்குத் துணைநிற்கவும் வேண்டும். இதனை மறுப்பார் இலர். ஆயின், வணிகர் கல்விக்குக் கொடுப்பது ஒன்று. கல்வியையே சரக்காக்கி விற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் 'தொழில்முனைவு' என்னும் ஒரே சொல்லால் இன்று நாம் குறித்து வருகிறோம். இக்குழப்பத்தை ஆராய, ஏலக்காய் மணக்கும் போடிநாயக்கனூரைவிடப் பொருத்தமான உரைகல் அரிது.

போடியில் 1971-ஆம் ஆண்டு ஏல விவசாயிகள் சங்கத்தார் ஒரு கல்லூரியை நிறுவினர். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1956-இல், உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயர் தாங்கிய ஹவுதிய்யா கல்லூரி எழுந்தது. மதுரைக்குச் சென்று பயில வசதியற்ற எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வீட்டருகே வந்தது. இவற்றைத் தோற்றுவித்தவர்களும் முனைவோரே. மலையிலும் நிலத்திலும் விளைந்த செல்வம் கல்விக்குள் சென்றது; அவர்கள் முனைவின் திசை அது.

இனி, நம் காலத்து முனைவைக் காண்போம். கண்ணூர் மாவட்டத்து அழீக்கோட்டைச் சேர்ந்த ஆசிரியர் பைஜு ரவீந்திரன், 2011-இல் பைஜூஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015-இல் அதன் பாடங்கள் கைப்பேசிச் செயலியாக வந்தன. பாடத்தை அசையும் படமாகக் காட்டிய அதன் திறம் மெய்யானதே. புரியாத பகுதியைப் பிள்ளை பத்துமுறை திரும்பக் கேட்கலாம்; சலித்துக்கொள்வார் எவருமில்லை. 2022-இல் அந்நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் எனப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, பாடத்திட்டங்களைப் பெற்றோரிடம் விற்கும் முறை பற்றிய புகார்களுக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அவரை விசாரணைக்கு அழைத்தது. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குரிய 158 கோடி ரூபாய் நிலுவை தொடர்பான வழக்கில், நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளானது.

2,200 கோடி டாலர் என்ற அம்மதிப்பு எதனை அளந்தது? எத்தனை பேர் வாங்கினர், இன்னும் எத்தனை பேர் வாங்கக்கூடும் என்பதையே அளந்தது. எத்தனை பிள்ளைகள் கற்றனர் என்னும் கேள்விக்கு அக்கணக்கில் இடமில்லை. குறை ஒரு நிறுவனத்தோடு முடிவதன்று, அவ்வளவுகோலில் இருக்கிறது.

தொழில்நுட்பத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. வாய்மொழியாய் நடந்த ஏலக்காய் ஏலம் போடியில் 2007-இல் மின்னணு முறைக்கு மாறியது. வணிகர் மாதிரிச் சரக்கைக் கையிலெடுத்து நிறமும் பருமனும் பார்க்கிறார். விலை எல்லோரும் காணத் திரையில் ஏறுகிறது. வாங்குவோர் சரக்கறிந்தவர், கருவி அவர்தம் அறிவுக்கு ஏவல் செய்கிறது. கல்விச் சந்தையில் நிலைமை வேறு. விடியுமுன் ஜீப்பேறி இடுக்கித் தோட்டங்களுக்குக் காயெடுக்கச் செல்லும் தாய், ஒரு பாடத்தின் தரத்தை எவ்வாறு எடைபோடுவார்? தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்னும் அச்சமே அவரை வாங்கச் செய்கிறது. தவணைப் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியும் ஏற்பாட்டைத் தவிர்க்குமாறு, 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரிக்க நேர்ந்தது. மேலும், 2020-இல் வெளியான அசர் ஆய்வின்படி, ஊரகப் பள்ளிப் பிள்ளைகளுள் 61.8 விழுக்காட்டினர் வீடுகளில்தான் திறன்பேசி இருந்தது. எஞ்சியோருக்குச் சந்தையின் வாயிலே அடைபட்டிருந்தது.

பிள்ளைகளையே தொழில்முனைவோராக்குவோம் என்னும் முழக்கமும் இன்று கேட்கிறது. அதற்கும் இம்மலை ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஏல விளைச்சலைப் பன்மடங்காக்கிய ஞள்ளானி வகையைத் தேர்ந்து பெருக்கியவர் கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தம் தோட்டத்துச் செடிகளுள் மிகுதியாய்க் காய்த்தவற்றைக் கூர்ந்து நோக்கியதே அவர் செய்த ஆய்வு. அந்நோக்கைப் பயிற்றும் பள்ளியே முனைவோரை உருவாக்கும். தேர்வு விடைகளை மட்டும் விரைந்து ஊட்டும் செயலி அதனைச் செய்யவியலாது.

நம் சமுதாயத்துச் செல்வர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. ஊர்தோறும் ஒரு மாலைநேரப் படிப்பகம், அதில் ஒரு திரை, அருகிருந்து ஐயம் தீர்க்க ஊதியம் பெறும் ஓர் ஆசிரியர்: இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. கல்லூரிகளையே கட்டி எழுப்பிய பள்ளத்தாக்குக்கு இது அரிய செயலுமன்று.