கேட்கப் பிறந்த கதைகள்

மலாய்க் கிராமங்களில் இரவு முழுக்க ஊர் கூடிக் கேட்ட நெடுங்கதைகளை இன்று பெரும்பாலோர் புத்தகமாகத்தான் அறிவார்கள். படிக்கும்போது அலுப்புத் தட்டுவது உண்மை. இளவரசன் உடுத்துவதும் படை புறப்படுவதும் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அந்தக் குறையை மரபின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

‘பெங்லிப்பூர் லாரா’ எனப்படும் கதைசொல்லி கதையை வரிக்கு வரி மனப்பாடம் செய்வதில்லை. கதைப்போக்கு மனத்தில் இருக்கும். சந்தம் தோய்ந்த வருணனைகள் நாக்கு நுனியில் இருக்கும். அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டத்தை யோசித்துவிடுவார். மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தில் ‘அவாங் பாத்தில்’ எனப்படும் கதைசொல்லல் வகையின் கலைஞர் பித்தளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து, விரல்களால் தாளம் தட்டியபடி கதை சொல்வார், முகமூடியும் அணிவார். ஒரே கதை பல இரவுகள் நீளும். நேற்று வராதவரும் நடுவில் கண்ணயர்ந்தவரும் கதையைப் பிடித்துக்கொள்ள, வந்ததே வருவதுதான் கைகொடுக்கிறது.

சிதைவு எழுத்தில் நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேராக் மாநிலத்தைச் சேர்ந்த பாவாங் ஆனாவும் மீர் ஹசானும் சொன்ன கதைகளை ராஜா ஹாஜி யஹ்யா எழுத, ஆங்கில அதிகாரி வின்ஸ்டெட் அச்சேற்றினார். சந்தப் பகுதிகள் தப்பின. மற்றவை பெரிதும் ஏட்டு நடைக்கு மாறின. வாய்மொழி மரபை ஆழமாக ஆராய்ந்த அமீன் ஸ்வீனி இந்த இடைவெளியை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த அச்சு இல்லையென்றால் அக்கதைகள் நம் கைக்கே வந்திருக்காது.

மரபின் சொந்தக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கேட்பவர் உழவரும் மீனவருமாக இருக்க, நாயகன் எப்போதும் ராஜகுமாரன்தான். மாலிம் டெமான் கதையைப் பாருங்கள். தேவகன்னியின் பறக்கும் ஆடையை ஒளித்துவைத்து அவளை மணக்கிறான். பிறகு சேவல் சண்டையே கதியென்று கிடந்து, பிறந்த பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க வருவதில்லை. ஆடையைக் கண்டெடுத்த அவள் குழந்தையோடு வானுலகம் போய்விடுகிறாள். எவ்வளவு துணிச்சலான கட்டம்! கதையோ உடனே அவனுடைய தேடலுக்குத் தாவி, அவளை அவனிடமே சேர்த்துவைக்கிறது. அவள் கோபத்துக்குக் கதையில் போதிய இடமில்லை.

இன்று கதைசொல்லிகள் மிகச் சிலரே. மலேசியப் பள்ளிகளில் இக்கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் ஒரு கதைசொல்லியின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யுங்கள்; புத்தகத்தைப் பிறகு திறக்கலாம்.