வெறி விலக்கியவளும் மடல் விலக்கியவளும்

வேங்கடத்துக்குத் தெற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிகை, குன்றுதோறாடலுக்கு உரிய பதியாகப் போற்றப்படுவது. முருகப்பெருமானின் சினம் தணிந்த இடமாதலின் தணிகை ஆயிற்று என்பது தலவழக்கு. ஆடிக் கிருத்திகையில் காவடி ஏந்தி அம்மலை ஏறும் திரளைக் கண்டவர்க்கு, அகப்பொருள் நூல்கள் பேசும் குறிஞ்சியும் வேலனும் வெறியாட்டும் வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றா. திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாந் திருவாய்மொழியை ஓதுவார் அந்நிலத்தையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. பராங்குசநாயகியின் மெலிவு கண்டு தாய்மார் வெறியாடத் துணிய, தோழி இடைபுகுந்து விலக்குவது அப்பதிகம்.

தணிதல் என்னும் சொல் அதில் ஆளப்படும் முறை நோக்கத்தக்கது. கடாக்களிற்றைக் கொன்ற பிரானுடைய திருநாமத்தைச் சொல்லிப் பொடியிட்டால் நோய் தணியும் என்று ஐந்தாம் பாசுரத்தில் தோழி மருந்து கூறுகிறாள். ஆறாம் பாசுரத்திலோ, தாய்மாரின் ஆட்டத்துக்குத்தான் தணியும் பொழுதில்லை, பிணி பெருகுவதே கண்டது என்று இடித்துரைக்கிறாள். மருந்தும் அங்கே மாயன் அடியாருடைய திருவடித் துகளாக உயர்ந்துவிடுகிறது. தேவதாந்தர நிந்தை இவள் கருத்தன்று. அநந்யார்ஹையான ஒருத்திக்கு வேறு மருந்து ஒட்டாது என்பதே இவள் வாதம்.

திருவாய்மொழியில் பெண்பேச்சாய் அமைந்த 27 பதிகங்களுள் தலைமகள் பேசுவன 17, தாய் பேசுவன 7, தோழி பேசுவன 3. அம்மூன்றிலும் தோழி தாய்மாரை நோக்கித் தலைமகளுக்காகவே வழக்குரைக்கிறாள். அதனால் அவளைத் தலைமகளின் மாறாத பக்கத்துணையாக மட்டும் கொள்ளும் வழக்கம் எழுந்தது. அது பாதி உண்மையே. அவளுடைய மற்றொரு முகம் தலைமகளின் பேச்சில்தான் தெரிகிறது.

ஐந்தாம் பத்தின் மூன்றாந் திருவாய்மொழியில் தலைமகள் மடலூரத் துணிகிறாள், தோழி விலக்குகிறாள். தோழியின் சொற்கள் பாசுரத்தில் நேரே இல்லை. தலைமகளின் மறுமொழிகளிலிருந்தே அவை பெறப்படுகின்றன. ஊர் அலர் தூற்றும் என்றாள் போலும். அலர் என்ன செய்யும் என்று விடை வருகிறது. அவன் கடியன், கொடியன் என்று இயற்பழித்தாள் போலும். ஆயினும் என் நெஞ்சம் அவனிடமே கிடக்கிறது என்று விடை வருகிறது. முன்பு அவன் திருநாமத்தையே மருந்தாகத் தந்த அதே தோழி இப்போது அவனையே பழிக்கிறாள். உயிர்த்தோழியின் உயிர் போகாமற் காக்க வேறு வழி அவளுக்குத் தோன்றவில்லை. பெண் மடலூர்தல் தமிழ் வழக்கன்று என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடு. அவ்வழக்கைத் துறந்து வடநெறியைக் கைக்கொள்ளும் துணிவு பெரிய திருமடலில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் தோழியைச் சம்பந்த உணர்வாகவும், தாயை உபாயத் துணிவாகவும், மகளைப் பேற்றில் பதற்றமாகவும் வகுத்தார். மூன்றும் ஆழ்வார் ஒருவருடைய நிலைகளே எனில் பிணக்குக்கு இடமேது என்று சிலர் இதனைக் கடந்து போவர். பிணக்கின் ஆழம் அங்கேதான் உள்ளது. உடையவன் வந்து கொள்ளுமளவும் உடைமை காத்திருக்க வேண்டும் என்பது சம்பந்த உணர்வு. மடலோ ஸ்வப்ரவ்ருத்தி, பாரதந்த்ரியத்துக்குச் சேராதது. பதற்றத்துக்கு அந்தக் கணக்கு எட்டுவதில்லை. மடலை உபாயமாகக் கொள்ளாமல் ப்ராப்யத்வரையாகக் கொண்டு பூர்வாசார்யர்கள் தலைமகளுக்குக் குற்றமில்லை என்று காட்டினர். ஆயினும் அந்த ஸமாதானம் தோழியின் விலக்கைப் பிழையாக்கிவிடவில்லை. அவள் காத்ததும் ஸ்வரூபமே.

பூசலினிடையிலும் தலைமகள் தோழியை விட்டு நீங்கவில்லை என்பதற்கு ஓர் இடம் சான்று. ஊரார் அலர் இனி ‘நம்மை’ என்ன செய்யும் என்கிறாள், ‘என்னை’ என்னவில்லை. அந்தப் பன்மை அடுத்த திருவாய்மொழியில் அறுகிறது. ஊர் உறங்கும் நள்ளிரவில், தன்னை ஆராய்வார் யாருமில்லை, அன்னையரும் தோழியரும் என்னவென்று கேளாமல் உறங்குகின்றனரே என்று அவள் அரற்றும்போது, தாய்மாருக்கு எதிர்நின்று வெறி விலக்கியவள் தாய்மாரோடு ஒரே தொடரில் எண்ணப்படுகிறாள். இத்திருவாய்மொழியில் இதைவிடக் கொடிய சொல் இருளைக் குறித்துக்கூட இல்லை.

ஆறாம் பத்தின் ஐந்தாந் திருவாய்மொழியில் தோழி மீண்டும் பேசுகிறாள். தொலைவில்லிமங்கலம் தொழும் இவள்மீது உங்களுக்கு இனி ஆசையில்லை, விட்டுவிடுங்கள் என்று தாய்மாரிடம் சொல்கிறாள். விலக்குதல் அங்கே முற்றாக நின்றுவிட்டது. தலைமகள் சங்கென்றும் சக்கரமென்றும் சொல்லிக் கண்ணீர் மல்க நின்று குமுறுகிறாள். தோழியை ஒருமுறையும் விளிக்கவில்லை. தோழி அருகே நின்று, அவள் சொல்வனவற்றை ஒவ்வொன்றாகத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்கிறாள்.