மரத்தை வெட்டினால் வீடு எழும்புமா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் என் மாணவர் ஒருவரின் வீடு. சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டியது. பின்சுவருக்குப் பத்தடி தள்ளி, மேட்டில், பெரிய பலாமரம். வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும், வெட்டிவிடுங்கள் என்கிறார் கொத்தனார். மாணவரோ, "வெட்டினால் மண் உப்பி வீட்டையே தூக்கிவிடுமாம், சார். படித்திருக்கிறேன்" என்கிறார்.

அவர் படித்தது கட்டுக்கதை அன்று. மரங்களை அகற்றிய களிமண் நிலத்தில் ஒரு கட்டடம் 25 ஆண்டுகளாக மேலெழும்பிய வரலாற்றைச் செனி என்பவர் 1988இல் 'கிரவுண்ட் எஞ்சினீயரிங்' என்ற பிரிட்டிஷ் இதழில் எழுதினார். பெரிய மரம் களிமண்ணின் நீரை உறிஞ்ச, மண் சுருங்குகிறது. மரம் போனதும் நீர் திரும்புகிறது, மண் உப்புகிறது. களிமண்ணில் நீர் மிக மெதுவாகவே ஊரும். அதனால்தான் இத்தனை ஆண்டுகள். கால் நூற்றாண்டு ஒரே கட்டடத்தை அளந்துகொண்டிருந்த பொறுமையை மெச்சாமலிருக்க முடியாது. (நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரச் சோதனைக்கே கடிகாரத்தைப் பார்க்கிறோம்!)

குறை கட்டுரையில் இல்லை. 'களிமண்' என்ற சொல்லை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்தெழுதுவோரிடம் இருக்கிறது. மிகுதியாக உப்புவது மான்ட்மொரில்லோனைட் போன்ற கனிமங்கள் நிறைந்த மண். கோவில்பட்டிக் கரிசல் அந்த வகை. அங்கும் இங்கிலாந்துக் கணக்கு அப்படியே பொருந்தாது. கோடை வெடிப்புகளின் வழியே மழைநீர் விரைவில் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஜவ்வாது மலையிலோ பெரும்பாலும் செம்மண்.

ஐயமிருந்தால் சோதிக்கலாம். இந்தியத் தர நிறுவனம் 1977இல் வகுத்த முறை எளியது. உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுசாடிகளில் இட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. நீரில் எவ்வளவு கூடுதலாக நிற்கிறதோ, அதுவே உப்பும் தன்மை. மாணவர் கொண்டுவந்த மண் இரண்டு சாடிகளிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது.

ஆகவே வெட்டிவிடலாமா? கூடாது. அந்த மரத்தின் வேர்கள் மேட்டு மண்ணைத் தைத்துப் பிடித்திருக்கின்றன. வெட்டிய அன்று ஒன்றும் நேராது. சில ஆண்டுகளில் வேர் மக்கும், பிடி தளரும். பிறகு ஒரு கனமழையில் மேடு பின்சுவர்மேல் சரியலாம். உப்பலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் மலைவாழ் மக்களுக்கு வேண்டிய இதைத் தொடுவதே இல்லை.

கிளைகளைச் சற்றே கழித்துவிட்டு, மேட்டின் அடியில் கல் தாங்குசுவர் எழுப்பச் சொன்னேன். சுவரில் நீர் வடியத் துளை விட வேண்டும் என்று கொத்தனாரே சொன்னார்.