கத்தரிக்காய்க்கு யார் சாட்சி?

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் நம்மவர் திருமண விருந்துகளில் பிரியாணிக்குத் துணையாகக் கத்தரிக்காய் வராமற்போனால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பர். புளியங்காடு என்னும் பொருளில் 'திந்திரிணி வனம்' எனப் பெயர்பெற்ற ஊரில் அதற்குச் சேர்க்கும் புளிக்கா பஞ்சம்? மறுநாள் எவருக்கேனும் உடம்பில் அரிப்புக் கண்டால் போதும். அதே காய் 'கரப்பான் பண்டம்' ஆகிவிடும்.

இந்த இரட்டைப் பேச்சை வைத்துப் பின்னிய கதையொன்றை அக்பர்–பீர்பால் தொகுப்புகளில் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். அரசர் கத்தரிக்காயைப் புகழ்கிறார். அதனாலன்றோ அதன் தலையில் பச்சை மகுடம் என்கிறார் பீர்பால். பின்னர் அரசர் இகழ, பீர்பாலும் இகழ்கிறார். காரணம் கேட்டால், தாம் அரசருக்கே ஊழியர், கத்தரிக்காய்க்கு அல்லர் என்கிறார். மகுடம் சூடிய காயோ வாய் திறப்பதில்லை.

கதை பீர்பாலுக்கு முந்தியது. பதினான்காம் நூற்றாண்டின் பாரசீக அங்கத எழுத்தாளர் உபைத் ஸாகானி இதனைக் கஜ்னி சுல்தான் மஹ்மூதின் பெயரில் எழுதிவைத்தார். பசியில் இனித்த காய், வயிறு நிறைந்ததும் சுல்தானுக்குக் கசந்தது. அங்கே ஒத்தூதும் அவைத்தோழனுக்குப் பெயரில்லை. நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பீர்பாலின் பெயர் ஏறியதும் அவனோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினோம். முகத்துதி மதியூகமாகிவிட்டது. சிறுவர் கதைதானே என்று இதனை விட்டுவிட நமக்கு மனமில்லை.

தெனாலிராமன் கதை இதனினும் ஒரு படி மேல். அரசர் தோட்டத்துக் கத்தரிக்காயைத் திருடிச் சமைத்து, உறங்கும் மகனை எழுப்பி ஊட்டுகிறான். மழை பெய்ததென்று நம்பும்படி அவன்மேல் நீரும் ஊற்றுகிறான். விசாரணையில் பிள்ளை கறியையும் மழையையும் சேர்த்தே சொல்ல, மழையில்லாத இரவாதலால் எல்லாம் கனவெனத் தள்ளப்படுகிறது. உண்மை பேசிய பிள்ளையே தோற்கிறான்! இதைப் படிக்கும் பிள்ளை எவர் பக்கம் நிற்பது?

நம் அறிஞர்கள் கத்தரிக்காய் விஷயத்திலும் கண்டிப்பானவர்கள். எந்நோக்கில் உண்ணப்படுகிறதோ அந்நோக்கை அது நிறைவேற்றும் என்றொரு கூற்று நபிகளார் (ஸல்) பெயரால் உலவியது. 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அதனை இட்டுக்கட்டியதென ஒதுக்கினார்; தேர்ந்த மருத்துவர் சொல்லியிருந்தாலும் மக்கள் நகைத்திருப்பர் என்பது அவர் கருத்து. சொல்லப்பட்டதென்ன என்பதோடு, சொன்னவர் யார் என்பதையும் ஆராய்ந்த மரபு அது.

பீர்பால் கதைகளை மறுபதிப்புச் செய்வோர் அதே பக்கத்தில் ஸாகானியின் பெயரற்ற தோழனையும் அச்சிட்டுவிடட்டும். இரண்டில் எவனைப் பார்த்துச் சிரிப்பது என்பதைப் பிள்ளைகள் தாமே முடிவு செய்துகொள்வர்.