ஓலை சுமந்த வீரன்: தமிழ்ச் சாகச வரலாற்றுப் புதினங்களின் ஈர்ப்பு

ஆய்வுச்சுருக்கம்

கல்கி, சாண்டில்யன் ஆகியோரின் வரலாற்றுப் புதினங்கள் தமிழ் வாசகரிடையே பெற்ற செல்வாக்கு பெரும்பாலும் பழம்பெருமை உணர்வின் விளைவாகவே விளக்கப்பட்டு வருகிறது. அவ்விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. இப்புதினங்களில் வாசகர் பின்தொடரும் மாந்தர் பேரரசர் அல்லர். பிறர் ஓலையைச் சுமந்து, மூடிய கதவுகளைத் தாண்டிச் செல்லும் இளைஞர். ஈர்ப்பின் மையம் போர்க்களத்தில் இல்லை, கோட்டை வாயிலில் உள்ளது என்பதையும், அவ்வாயில் எவருக்குத் திறக்கிறது என்பதில் புதினம் கொள்ளும் தயக்கத்தையும் பொன்னியின் செல்வனை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், சாகசம், தூது, கல்கி, சாண்டில்யன், வந்தியத்தேவன், தொண்டை மண்டலம்

முன்னுரை

கல்கி இதழ் 1941இல் தொடங்கப்பட்டது. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய மூன்றும் அவ்விதழில் அடுத்தடுத்துத் தொடர்களாக வந்தன. இவற்றுள் இறுதியானது 1950 முதல் 1954 வரை, மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்து ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்றது. சாண்டில்யனின் யவன ராணி, கடல் புறா முதலியன குமுதம் வழியாக அடுத்த தலைமுறை வாசகரைச் சென்றடைந்தன. இவ்விருவரையும் தமிழ்த் திறனாய்வு இருவேறு காரணங்களால் ஒதுக்கியது. க.நா.சு. போன்றோர் இவற்றை வணிக எழுத்தாகக் கண்டனர். மார்க்சியத் திறனாய்வு மரபு நிகழ்கால முரண்களிலிருந்து தப்பிக்கும் வழியாகக் கண்டது. ஒதுக்கப்பட்ட பின்னரும் நூல்கள் தொடர்ந்து படிக்கப்பட்டன. மட்டமான சுவை என்று வாசகரைக் குறை கூறுவதும், தமிழர் பெருமை என்று வாசகரைப் பாராட்டுவதும் பனுவலை ஊன்றிப் படிக்காமல் கடந்துவிடும் வழிகளே ஆகும்.

போர் இல்லாத வீரக்கதை

பொன்னியின் செல்வனை நினைவுகூரும் பலர் அதனைச் சோழரின் போர் வெற்றிகளைப் பாடும் நூலாகவே எண்ணுவர். பனுவலோ வேறு செய்தி தருகிறது. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலில் இரு படைகள் நேருக்கு நேர் மோதும் பெரும்போர் ஒன்றுகூடக் கதையின் முன்னணியில் நிகழ்வதில்லை. ஈழப்போர் பின்புலமாக உள்ளது. வீரபாண்டியன் தலை கொய்யப்பட்டது கதை தொடங்கும் முன்னரே முடிந்த செயல். தக்கோலப் போரோ பெரிய பழுவேட்டரையரின் உடலில் உள்ள விழுப்புண்களாக மட்டுமே நூலுக்குள் வருகிறது. மணிரத்னத்தின் திரைப்படம் (2022) தொடக்கத்திலேயே ஒரு போர்க்களத்தைச் சேர்க்க நேர்ந்தது இங்குக் கருதத்தக்கது. கல்கியின் நூல் ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வேடிக்கை பார்த்தபடி குதிரையில் வரும் ஓர் இளைஞனுடன் தொடங்குகிறது.

போர் இல்லை என்றால் சாகசம் எங்கே உள்ளது? நுழைவதில் உள்ளது. கடம்பூர் மாளிகை வாயிலில் காவலர் தடுக்க, வந்தியத்தேவன் சண்டையிட்டு உள்ளே செல்கிறான். அங்கு நள்ளிரவில் சதியாலோசனையை ஒட்டுக்கேட்கிறான். தஞ்சைக் கோட்டைக்குள் நந்தினி தந்த பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டி நுழைகிறான். கோடிக்கரைக்கு மூலிகை தேடும் வைத்தியர் மகனுடன் செல்கிறான். நூலின் முன்பாதியில் கதையை நகர்த்தும் விசை, இவன் உள்ளே விடப்படுவானா, உள்ளே சென்றால் வெளியே வருவானா என்னும் வினாவே. வாளினும் நாவே இவனுக்குப் பெரிதும் பயன்படுகிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று சுந்தர சோழரின் அறையில் நிகழும் காட்சி. அரசரிடம் அபாயம் என எச்சரிக்க முற்படும் வந்தியத்தேவனின் சொல் சின்னப் பழுவேட்டரையரின் செவியில் விழுகிறது. உசாவப்படும்போது, தான் கூறியது அபயம் என்று மாற்றிவிடுகிறான். ஒரு நெடிலைக் குறிலாக்கியதில் உயிர் தப்புகிறது. அரசியல் எச்சரிக்கை ஏழையின் விண்ணப்பமாக உருமாறுகிறது. அதிகாரத்தின் முன் உண்மையைச் சொல்ல வந்தவன் இரப்பவனாக வேடம் பூண்டால்தான் வெளியேற முடியும் என்னும் அனுபவம் பத்தாம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியதன்று. அலுவலக வாயில்களில் மனுவுடன் நின்ற 1950களின் வாசகர் இக்காட்சியில் எதைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தூதின் இரு மரபுகள்

ஓலை சுமக்கும் இளைஞன் ஒரு நூலுக்கு மட்டும் உரியவன் அல்லன். சிவகாமியின் சபதத்தில் கல்வி கற்கக் காஞ்சிக்கு வரும் பரஞ்சோதி, நாகநந்தி தந்த ஓலையை அதன் உள்ளடக்கம் அறியாமலேயே சுமந்து செல்கிறான். வழியில் வஜ்ரபாகு என்னும் பெயரில் மாறுவேடத்தில் வரும் மகேந்திர பல்லவர் அதனை மாற்றிவைக்கிறார். கடல் புறாவின் கருணாகரன் சமாதானத் தூதனாகவே கலிங்கத்துப் பாலூர்த் துறையில் கால் வைக்கிறான். மூவரும் பிறரது செய்தியின் பொருட்டு ஆபத்துக்குள் நுழைபவர்கள்.

இதன் மேலை மூலத்தைச் சுட்டுவது எளிது. அலெக்சாந்தர் தூமாவின் மூன்று துப்பாக்கி வீரர்கள் (1844) புதினத்தில் கிராமத்து இளைஞன் தார்த்தாஞான் மஞ்சள் நிறக் குதிரையில் பாரிசுக்குப் புறப்பட்டு, தொடக்கத்திலேயே தன் பரிந்துரைக் கடிதத்தைப் பறிகொடுக்கிறான். வந்தியத்தேவனுக்கு அவன் உறவினனே. ஆயினும் இரவல் என்று சொல்லி முடித்துவிடும் ஒப்பீடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. தூது தமிழ் வாசகருக்குப் புதிய பொருளன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் புறநானூற்றில் உள்ளார். திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரம் உண்டு. சிற்றிலக்கியத்தில் அது தனி வகையாகவே வளர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணையாழி சுமந்து கடல் கடந்த அனுமனைக் கம்பன் வழியாக அறிந்த வாசகர் இவர்.

அம்மரபைக் கல்கி திருப்பி வைக்கும் இடம் நுட்பமானது. அனுமனின் கணையாழி உண்மைக்குச் சான்று. அதனைக் கண்டு சீதை நம்புகிறாள், அந்நம்பிக்கை சரியானது. வந்தியத்தேவனின் மோதிரம் பொய்க்குச் சான்று. அதனைக் கண்டு காவலர் நம்புகின்றனர், அந்நம்பிக்கை தவறானது. காவியத் தூதன் தன் தலைவனின் பெயரை முழங்கி நிற்கிறான். புதினத் தூதன் தன் தலைவனின் பெயரை மறைத்துப் பிழைக்கிறான். மரபு தந்த பழக்கத்தால் வாசகர் இவனை நம்புகிறார். இவன் பொய்யிலும் களிக்கிறார். தூமாவின் வழியாக மட்டும் இக்களிப்பை விளக்க இயலாது.

கல்வெட்டின் இடைவெளி

வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டு கூறுவது மிகச் சிறிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் எனக் குறிக்கப்படுகிறார். ஒரு பெயரும் ஒரு திருமண உறவும் மட்டுமே எஞ்சின. அந்த வெறுமையே கல்கிக்குக் கிடைத்த பெருநிலம். கதையின் மைய மர்மமும் அவ்வாறே. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்தம் உடைமைகள் பறிமுதலானதைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டு, கொலைக்குப் பின்னிருந்தவர் எவர் என்பதைச் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார்; சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். வரலாற்றறிஞர்கள் உடன்படாத இடத்தில் புதினம் குடியேறியது. யார் கொன்றார் என்பதை இறுதிவரை ஐயத்திற்கு இடமாக வைத்தது கல்கி அந்த இடைவெளிக்குக் காட்டிய மரியாதை.

சாண்டில்யனின் நிலை வேறு. கருணாகரத் தொண்டைமானுக்கு ஜயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி என்னும் முழு இலக்கியமே உண்டு. ஆகவே அவர் நாயகனின் இளமையைக் கடலுக்கு எடுத்துச் செல்கிறார். மரக்கலம், கடற்கொள்ளை, துறைமுக அரண் எனத் தொழில்நுட்பத்தால் பக்கங்களை நிரப்புகிறார். கடற்போர் வருணனைகளில் அவர் கல்கியை விஞ்சுகிறார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய நாயகன் தவறுவதில்லை; திட்டங்கள் யாவும் பலிக்கும் என்பதை வாசகர் விரைவில் அறிந்துகொள்கிறார். வந்தியத்தேவன் உளறுகிறான், ஓலையை இழக்கிறான், பிடிபடுகிறான். காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் நாயகனின் வெற்றிக்கு அணியாக நிற்க, குந்தவையும் நந்தினியும் ஆளுக்கொரு புறமாகக் கதையையே இழுத்துச் செல்கின்றனர். பூங்குழலி படகு வலித்தாலன்றி ஈழத்துக் கதை நிகழாது. நந்தினியின் அழகையே ஆபத்தாக்கும் பழைய வாய்பாடு கல்கியிடமும் உண்டு. எனினும் அவளுக்குப் பழிவாங்கக் காரணம் தரப்பட்டிருக்கிறது. சாண்டில்யனின் பெண்களுக்குப் பெரும்பாலும் தோற்றமே தரப்பட்டிருக்கிறது.

வேப்பம்பட்டும் தக்கோலமும்

இப்புதினங்களின் நிலவியலில் ஒரு முரண் உண்டு. வந்தியத்தேவன் தொண்டை மண்டலத்திலிருந்து புறப்பட்டவன். வாணர் குலத்து வல்லம் அவனது ஊர். ஓலை தந்த கரிகாலன் இருப்பது காஞ்சியில். கருணாகரனும் பெயராலேயே தொண்டைமான். ஆயினும் இருவரும் இம்மண்டலத்தை விட்டுச் சென்றபின்னரே கதை தொடங்குகிறது. வாசகர் தேடிச் செல்லும் ஊர்கள் வீராணம், பழையாறை, கோடிக்கரை ஆகியவை. தொண்டை மண்டலம் புறப்படும் இடமாக மட்டும் எஞ்சுகிறது.

சென்னை–அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே உள்ள வேப்பம்பட்டு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் நாள்தோறும் சென்று திரும்புவோரின் குடியிருப்பாக வளர்ந்த ஊர். அதே பாதை மேற்கே சென்று முடியும் அரக்கோணத்தை அடுத்துள்ளது தக்கோலம். 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையுடன் நடந்த போரில், பராந்தகனின் மகன் இராஜாதித்தன் யானை மீதிருந்தவாறே கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்ட களம் அது. பொன்னியின் செல்வனில் வரும் அரியணைச் சிக்கல் முழுவதற்கும் வேர் இந்தத் தோல்வியில் உள்ளது: மூத்த மகன் இறந்ததால் ஆட்சி கண்டராதித்தருக்கும், பின்னர் அரிஞ்சயன் வழியினருக்கும் சென்றது. பெருமையை நாடியே வாசகர் இந்நூல்களைப் படிக்கின்றனர் என்போர், ஒரு பெருந்தோல்வியின் நிழலில் இக்கதை நடப்பதை எங்ஙனம் விளக்குவர்?

வேப்பம்பட்டுக்கு அடுத்த நிலையமான திருநின்றவூருக்குப் பெரியபுராணத்தில் ஒரு கதை உண்டு. கையில் பொருளில்லாத பூசலார் மனத்துள்ளே கோயில் கட்டுகிறார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த காடவ மன்னன் அவரைத் தேடி வந்து வணங்குகிறான். அங்கே உடைமையற்றவர் அரசனின் வாயிலுக்குச் செல்வதில்லை, அரசன் அவரிடம் வருகிறான். சாகசப் புதினம் இவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் இளைஞன் கோட்டைக்குள் சென்றே ஆக வேண்டும். அவனது ஆசை உலகியல் சார்ந்தது, வேலை தேடுவோனின் ஆசைக்கு நெருங்கியது.

வாயில் எவருக்குத் திறக்கிறது

வந்தியத்தேவன் ஆட்சியை இழந்த குலத்தவன், ஆயினும் குலம் உண்டு. இங்கேதான் இப்புதினம் தரும் விடுதலையின் எல்லை தெரிகிறது. பொன்னியின் செல்வன் தொடராக வந்துகொண்டிருந்த காலத்திலேயே 1951–52இல் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. பிறப்பு அன்றித் தேர்வே ஆட்சிக்கு அடிப்படை என்னும் கருத்து நடைமுறைக்கு வந்த காலம் அது. அருள்மொழிவர்மன் தனக்கு வந்த முடியைப் பிறனுக்கு அணிவிப்பது அக்காலச் சூழலில் புதிய பொருள் பெறுகிறது. முடியை அணிபவன் சேந்தன் அமுதன்: பூக்குடலை சுமந்து, ஊமைத் தாயுடன் தஞ்சையில் வாழ்ந்தவன், வந்தியத்தேவனுக்கு அடைக்கலம் தந்தவன். இதுவரை இளவரசனாக வளர்ந்த மதுராந்தகன் சோழ அரச குருதியினன் அல்லன் என்பதும் வெளிப்படுகிறது. பூக்காரன் அரசனாகிறான், படகுப்பெண் அரசியாகிறாள் என்று வாசகர் வியக்கும் அதே கணத்தில், பூக்காரன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகனே என்று நூல் அறிவித்துவிடுகிறது. பூங்குழலிக்கும் அரண்மனை திருமணத்தின் வழியாகவே திறக்கிறது.

இதனைக் கல்கியின் துணிவின்மை என்று கொள்வதற்கில்லை. உத்தம சோழன் கண்டராதித்தரின் மகன் என்னும் வரலாற்றுச் செய்தியை அவர் மீற இயலாது. ஆயினும் பிறந்தவுடன் மாற்றப்பட்ட குழந்தை என்னும் கதையை அமைக்குமாறு எந்தக் கல்வெட்டும் அவரை வற்புறுத்தவில்லை. வரலாற்று உத்தம சோழனை வரலாறு கூறியவாறே விட்டிருக்கலாம். எளியவனை அரியணையில் அமர்த்தும் விருப்பமும், அமர்ந்தவன் எளியவனாக இருந்துவிடலாகாது என்னும் அச்சமும் ஒருசேர இயங்கியதால் பிறந்த ஏற்பாடு அது. வாசகரின் ஈர்ப்பும் இவ்விரண்டையும் சார்ந்ததாகவே தோன்றுகிறது. குலம் கேளாமல் கதவு திறக்க வேண்டும் என்றும், திறந்தபின் குலம் வெளிப்பட வேண்டும் என்றும் அவர் ஒரே மூச்சில் விரும்புகிறார்.

2023இல் வெளிவந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகம் இக்குழந்தை மாற்றக் கதையை விட்டுவிட்டது. அருள்மொழி அளிக்கும் முடியைச் செம்பியன் மாதேவி வளர்த்த மதுராந்தகனே அணிகிறான். கதை வரலாற்றுக்கு நெருங்கிற்று. இரு தலைமுறையாக அரசனாக முடிசூடி வந்த பூக்காரன் மீண்டும் பூக்காரனானான்.