விகர்ணனுக்கு ஓர் இரவு இல்லை

பாரதக் கூத்தில் துரியோதனன் வருகையே ஒரு தனி விழா. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை அதிரும். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். முகவீணை உச்சத்துக்கு ஏறும். திரை விலகினால் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமுமாக ஆள் இரண்டு மடங்கு பெருத்து நிற்பான். கட்டியக்காரன் கேட்கக் கேட்கத் தன் பெருமையைத் தானே பாடிக் களரியைச் சுற்றி வருவான். தருமருக்கும் திரை உண்டு, பாட்டு உண்டு. ஆனால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு டீக்கடை நினைவு வருவது அப்போதுதான்.

இது கூத்தாடுபவரின் திறமைக் குறை அல்ல. பேராசையால் அழியும் நாயகனுக்குப் பக்கத்தில் ஒரு நல்லவனை நிறுத்துவது உலக நாடகங்களின் பழைய உத்தி. அந்த உத்தி எங்கே உயிர் பெறுகிறது, எங்கே வெறும் அலங்காரமாகிறது என்பதைப் பார்க்கப் பாரதக் கூத்தைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. பழைய தென்னார்க்காடு முழுவதும், நெய்வேலி நகரியத்தைச் சுற்றியிருக்கும் நடுநாட்டுப் பகுதி உட்பட, திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, அரவான் களபலி, கர்ண மோட்சம் என்று இரவுகள் நகர்ந்து, பதினெட்டாம் போர் விடிந்து படுகளத்தில் முடியும். ஒரே கதையில் எத்தனை விதமான நல்லவர்கள் என்று வரிசைப்படுத்திப் பார்க்க அத்தனை இரவுகள் இருக்கின்றன.

முதலில் தருமர். அவருக்கு ஒரே ஒரு இடத்தில் நாடகம் முழு மதிப்பைக் கொடுக்கிறது: கிருஷ்ணன் தூது. பாதி நாடு கேட்டவர் ஐந்து ஊர் போதும் என்கிறார். அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு. கேட்பது சுருங்கச் சுருங்க, மறுப்பவனின் பிடிவாதம் வீங்குகிறது. ஊசி முனை நிலம்கூட இல்லை என்று துரியோதனன் சொல்லும்போது, அவன் அழிவை விதியின் தலையில் கட்ட யாராலும் முடியாது. தப்பிக்கும் வழி கண்ணெதிரே திறந்து கிடந்தது, அவன்தான் சாத்தினான். நல்லவனை நாயகன் பக்கத்தில் நிறுத்துவதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுதான்.

நெய்வேலிப் பக்கத்தில் இந்தக் காட்சிக்குக் கூடுதல் கனம் உண்டு. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1957இல் சுரங்க வேலை ஆரம்பித்ததிலிருந்து ஊர் ஊராக நிலம் கொடுத்துப் பெயர்ந்த மண் இது. கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ நாவலில் எழுதியது அந்த வாழ்க்கையைத்தான். இழப்பீட்டைச் சென்ட் கணக்கில் பேசிப் பழகியவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு, ஐந்து ஊரிலிருந்து ஐந்து வீட்டுக்கு இறங்கி வருவது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தருமரின் நேர்மை மற்ற இடங்களில் மலிவாகிவிடுகிறது. அவருக்குப் பக்கத்தில் கண்ணன் இருக்கிறான்; வெற்றி முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. தோற்கவே வாய்ப்பில்லாதவன் நல்லவனாக இருப்பதில் பார்க்கிறவனுக்குப் பதைப்பு எங்கிருந்து வரும்? வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பெரிய பெரிய கறைகள் உண்டு. மனைவியைப் பணயம் வைத்தவர். துரோணரைச் சாய்க்க அசுவத்தாமன் பெயரில் அரைப் பொய் சொன்னவர். அவரை மனிதனாக்க இவ்வளவு சரக்கு கையில் இருந்தும், தர்மத்தின் பெயரே அவருக்கு இருப்பதால் கதை அதை அவசரமாகக் கடந்துவிடுகிறது. பாஞ்சாலி சபையில் கேட்கும் கேள்விதான் அவரைச் சற்று நிறுத்திக் கேட்கிறது. தன்னைத் தோற்றுவிட்டு என்னை வைத்தாரா, என்னை வைத்த பிறகு தன்னைத் தோற்றாரா? அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்த மௌனத்தில்தான் கூத்தின் தருமர் மிக உயரமாக நிற்கிறார் என்பது எந்தப் பிரசங்கியாருக்கும் ரசிக்காத உண்மை.

அதே சபையில் இன்னொருவன் எழுந்து நிற்கிறான். விகர்ணன், துரியோதனனின் உடன்பிறந்த தம்பி. பீஷ்மர் தடுக்கவில்லை, துரோணர் தடுக்கவில்லை. நூற்றுவரில் ஒருவன் மட்டும் இது நியாயமில்லை என்கிறான். கர்ணன் அவனை அடக்குகிறான். இந்தச் சின்னப் பாத்திரம் செய்யும் வேலையைத் தருமரால் செய்ய முடியாது. துரியோதனன் வளர்ந்த விதம் அப்படி, குருட்டுத் தகப்பன், கெட்ட மாமன் என்று நாம் சாக்கு அடுக்கிக்கொண்டே போகலாம். அதே வயிறு, அதே வீடு, அதே சோறு. அதில் வளர்ந்தவன்தான் விகர்ணனும். அவன் எழுந்து நின்ற மறுகணம் அண்ணனின் சாக்குகள் அத்தனையும் செல்லாக் காசு.

அதற்குப் பிறகு அவன் கட்சி மாறவில்லை. அநியாயம் என்று தன் வாயால் சொன்ன பக்கத்துக்காகவே வில்லெடுத்துப் போரிடுகிறான். பீமன் கையால் சாகிறான். கொன்ற பீமனே வருந்துகிறான். நேர்மை ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம் என்று இழுபட்டவன். துரியோதனனுக்கு இணையாக ஒரு துன்பியல் இவனுக்குள்ளும் இருக்கிறது.

விதுரரின் கதை இன்னும் சிக்கலானது. தூது வந்த கண்ணன் அரண்மனையை விட்டு விதுரர் வீட்டில் தங்குகிறான். ஆத்திரப்பட்ட துரியோதனன் விதுரரின் பிறப்பைச் சபையில் பழிக்க, உனக்காக இனிப் போரிடமாட்டேன் என்று அவர் தன் வில்லை முறித்துப் போடுகிறார். தமிழில் பிரசங்கியார்கள் விரும்பி நீட்டும் இடம் இது. வில் முறியும் கட்டத்தில் கூட்டம் சிலிர்த்துப்போகும். ஆனால் நிதானமாக யோசித்தால் ஒரு நெருடல். பாஞ்சாலியின் சேலை உருவப்பட்ட நாளில் அந்த வில் முழுசாகத்தானே இருந்தது? அன்று வாயால் கண்டித்தவர், தன் பிறப்பைத் தொட்டபோதுதான் வில்லை முறிக்கிறார். போதாததற்கு, அந்த வில் களத்துக்கு வரக்கூடாது என்று கண்ணனே போட்ட கணக்கு இது என்றும் கதை சொல்கிறது. விதுரர் இதனால் சிறுத்துவிடவில்லை. அறத்துக்குள் கொஞ்சம் தன்மானமும் கலந்திருக்கும் என்று காட்டுவதால் நம் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிறார்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கலப்பை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர். பம்மல் சம்பந்த முதலியார் ‘மகபதி’ என்று தமிழாக்கிய ‘மாக்பெத்’ நாடகத்தில் பாங்கோதான் நல்லவன். மூலக் கதையைத் தந்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோ கொலைக்கு உடந்தை. அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ் பாங்கோவின் வம்சம் என்று நம்பப்பட்ட காலம் அது. ஆகவே ரத்தக் கறையைக் கழுவ வேண்டியிருந்தது. ஆனால் ஷேக்ஸ்பியர் முழுக்கக் கழுவிவிடவில்லை. மாக்பெத் மேல் சந்தேகம் வந்த பிறகும் பாங்கோ யாரிடமும் வாய் திறப்பதில்லை. தன் பிள்ளைகளுக்கும் ஒரு ஜோசியம் சொல்லப்பட்டிருக்கிறதே என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறான். மன்னரைக் குளிர்விக்கச் செய்த மாற்றத்திலும் அந்த ஒரு கீறலை விட்டுவைத்ததால்தான் பாங்கோ பாத்திரமாகத் தப்பித்தான்.

நல்லவனையே கவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக்காரர் பாரதிதாசன் அதையும் செய்து பார்த்தார். ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934இல் மேடையேறியது. கூத்திலும் பாகவத மேளாவிலும் பக்திக்கு இலக்கணமான பிரகலாதன், அதில் ஆரியச் சூழ்ச்சிக்கு ஆட்பட்டவன், இரணியன்தான் வீரன். புராணம் ஒருதலையாகக் கட்டிய தீர்ப்பைத் தலைகீழாக்கியதில் அந்த நாடகத்தின் துணிச்சல் அசலானது. நாடகமாக எடை போட்டால் ஓர் இழப்பும் தெரிகிறது. தந்தையை எதிர்க்கப் பிள்ளைக்கு நியாயமான காரணமே இல்லாதபோது, இரணியன் தன் பிழையால் விழவில்லை, சதியால் விழுகிறான். அனுதாபம் கூடுகிறது; துன்பியல் குறைகிறது. பிரசாரத்துக்கு அது போதும், அந்தக் காலத்துக்குத் தேவையும்கூட.

படுகளத்துக்கு வருவோம். மண்ணால் செய்த துரியோதனன் திறந்த வெளியில் நீண்டு படுத்திருக்கிறான். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்கிறார். சிவப்பு நீர் வழிகிறது. பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். அடுத்தது ஒப்பாரி. கூத்து பெருந்திருவாள் என்று அழைக்கும் துரியோதனன் மனைவிக்கும், சில ஊர்களில் தாய் காந்தாரிக்கும் உரிய இடம் அது. தீயவன் செத்தான் என்ற கொண்டாட்டமும் ஓர் ஆண்பிள்ளை செத்துக் கிடக்கிறான் என்ற துக்கமும் ஒரே மண்ணில், ஒரே காலையில். அரியணைக்கு உரிமை பெற்றுவிட்ட தருமரை அந்த நேரத்தில் யார் கண்ணும் தேடுவதில்லை. பதினெட்டு நாளும் அளவுகோலாக நின்றவர், அளந்து முடித்ததும் தேவையற்றவர் ஆகிவிடுகிறார்.

இப்போது விடிய விடிய ஆடும் கூத்து அரசு விழாக்களிலும் நகர மேடைகளிலும் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கி வருகிறது. சுருக்கும்போது துரியோதனன் மேல் யாரும் கை வைக்க முடியாது. தருமரையும் கண்ணனையும் கதைக்காக வைத்தாக வேண்டும். கத்தரிக்கோலுக்குக் கிடைப்பவன் விகர்ணன் மாதிரி ஆள்தான். சபையில் ஓர் எதிர்க்குரல் போனால் என்ன என்று தோன்றலாம். அந்தக் குரல் போனால் மிஞ்சுவது, தடுக்க ஆளில்லாததால் கெட்டுப்போன ஓர் அரசன். அது வேறு கதை, சின்னக் கதை.

அபிமன்னனுக்கு ஓர் இரவு உண்டு, அரவானுக்கு உண்டு, கர்ணனுக்கு மோட்சத்தோடு உண்டு. விகர்ணனுக்கு இல்லை. புதிய கூத்துப் பிரதிகள் எழுதப்பட்டுவரும் இந்தக் காலத்தில் அதை எழுத யாராவது முன்வந்தால் கதைக்குப் பஞ்சமில்லை: சபையில் பேசிவிட்டு வீடு திரும்பிய இரவு, அண்ணனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்த மறுநாள், பாசறையில் வில்லுக்கு நாண் பூட்டும் காலை, எதிரே கதாயுதத்தோடு வரும் பீமன். துரியோதனன் வேஷம் கட்டி ஊரைக் கட்டிப்போடும் மூத்த கலைஞர் ஒருவர் அந்த ஒரு இரவு கிரீடத்தை மாற்றி விகர்ணனுக்குக் கட்டினால், டீக்கடைக்குப் போகும் கூட்டம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.