ஆட்டம் போலீஸ்காரர்கள் கையில்

தாரியோ ஃபோவின் ‘ஓர் அரசின்மைவாதியின் தற்செயல் மரணம்’ நாடகத்தை யார் போட்டாலும், மறுநாள் விமர்சனத்தில் முதல் வரி பைத்தியக்காரனாக நடித்தவருக்குத்தான் போகும். போகட்டும். இரண்டு மணி நேரம் வாய் ஓயாமல் பேசி, வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி, மேடையெங்கும் ஓடித் திரிகிற நடிகனுக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் நாடகம் ஜெயித்ததா தோற்றதா என்று தெரிய வேண்டுமானால் அவனைப் பார்த்துப் பயனில்லை. எதிரே நிற்கும் போலீஸ்காரர்களைப் பார்க்க வேண்டும்.

மூலச் சம்பவம் மிலான் நகரத்தில் நடந்தது. 1969 டிசம்பர் 12 அன்று பியாட்சா ஃபொன்டானாவில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். அன்றைக்கே போலீஸின் சந்தேகம் அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லும் அரசின்மைவாதிகள் பக்கம் திரும்பியது. அவர்களில் ஒருவர் ஜுசெப்பே பினெல்லி. 41 வயது ரயில்வே தொழிலாளி, இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். விசாரணைக்குக் கூப்பிட்டபோது போலீஸ் காருக்குப் பின்னால் தன் மொபெட்டிலேயே போனவர். சட்டம் அனுமதித்த 48 மணி நேரம் தாண்டியும் அவரை விடவில்லை. 15-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் காவல் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னல் வழியாக விழுந்து இறந்தார். அவராகவே குதித்தார், குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்றது போலீஸ். குண்டு வைத்தது நவபாசிசக் கும்பல் என்று நீதிமன்றங்கள் சொல்லி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஃபோ அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. சரியாக ஒரு வருடத்தில், 1970 டிசம்பரில், நாடகம் மேடையேறிவிட்டது. பைத்தியமாக அவரே நடித்தார். அந்தச் சமயத்தில், பினெல்லியின் சாவுக்குத் தன்னைப் பொறுப்பாக்கி எழுதிய ‘லோத்தா கொந்தினுவா’ பத்திரிகையின் மேல் கமிஷனர் லூயிஜி கலாப்ரேசி போட்ட அவதூறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டில் வெளிவந்த விவரங்கள் வசனத்தில் ஏறிக்கொண்டே இருந்தன. தன் மேல் வழக்குப் பாயாமலிருக்க ஃபோ ஒரு உபாயமும் செய்திருந்தார். 1920-ல் நியூயார்க்கில் காவலில் இருந்தபோது 14-வது மாடியிலிருந்து விழுந்து இறந்த ஆந்திரேயா சால்சேதோவின் கதை இது, இத்தாலிக்கு இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அரங்கில் ஒருவரும் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆள்மாறாட்ட வழக்கில் பிடிபட்ட ஒருவன், வேடம் போடுவதையே வியாதியாகக் கொண்டவன், ரோமிலிருந்து வரவிருக்கும் நீதிபதி நான்தான் என்று சொல்லிக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏறுகிறான். கவனிக்க வேண்டியது, அவன் அங்கே குற்றச்சாட்டு எதையும் தன் கையிலிருந்து எடுத்துப் போடுவதில்லை. போலீஸ் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களையே திரும்ப வாசிக்கிறான். ஓட்டை தெரிந்ததும் கோபப்படாமல், அடைக்க உதவுகிறேன் என்கிறான். புதுப் பொய் ஒன்றைச் சொல்லித் தருகிறான். அவர்கள் நன்றியோடு பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பொய் முந்தைய பொய்யைக் கொன்றுவிடுகிறது.

செருப்புக் கணக்கு வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விழப்போனவனின் காலைப் பிடித்தேன், ஷூ மட்டும் கையோடு வந்துவிட்டது என்கிறான் கான்ஸ்டபிள். கீழே கிடந்தவன் காலிலோ இரண்டு ஷூவும் இருந்திருக்கிறது. அப்படியானால் அரசின்மைவாதிக்கு மூன்று கால். மழைக்கு ஷூவுக்கு மேல் போடும் ரப்பர் உறையாக இருக்கலாமோ என்று அதிகாரிகளே வழி தேடுகிறார்கள். ஃபோவின் கற்பனை என்று நினைத்தால் தவறு. இந்த ஷூ முரண்பாடு அசல் வழக்கிலேயே இருந்தது.

இதை இரண்டு விதமாக நடிக்கலாம். கான்ஸ்டபிள் முழித்து, உளறி, அசடு வழிந்தால் அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதே கான்ஸ்டபிள், இருபது வருட சர்வீஸில் எழுதிய ஆயிரம் அறிக்கைகளில் இதுவும் ஒன்று என்கிற நிதானத்தோடு சொன்னால், சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வரும். வரும்போதே தொண்டையில் எதையோ வைத்துவிட்டுப் போகும். எனக்கு இரண்டாவதுதான் நாடகம். தோதாக வந்த அரைக்குழிப் பந்தை அடித்த சிக்ஸருக்கு என்ன மதிப்பு? போலீஸ் தரப்பு ஒழுங்காகப் பந்து போட்டால்தான் பைத்தியத்தின் அடிக்குப் பலம்.

முட்டாள் போலீஸ் என்பது பார்வையாளருக்கு மிகவும் வசதியானது. இந்த நாலு பேரும் மடையர்கள், அதனால் இப்படி நடந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடலாம். கெட்டிக்கார அதிகாரிகள், மேலிடத்தின் மனமறிந்து நடக்கத் தெரிந்தவர்கள், ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் முட்டாள்கள் ஆகிறார்கள் என்றால் அந்த வசதி கிடையாது. 1979-ல் கேவின் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் தழுவியது லண்டன் வெஸ்ட் எண்ட் வரை போய் மாதக்கணக்கில் ஓடியது. கூட்டம் குலுங்கியது. ஃபோவுக்கோ கோமாளித்தனம் மிஞ்சிவிட்டது என்ற குறை. வசூலைக் காட்டி அந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது என்பது என் கட்சி. மறுபக்கம், ஜொனாதன் பிரைஸ் மாதிரி தேர்ந்த நடிகர் பைத்தியமாக நின்றும் 1984-ல் பிராட்வேயில் 20 காட்சிகளோடு மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல், இன்று இதைக் கையிலெடுக்கும் இயக்குநர் தப்பிக்க முடியாதது. கலாப்ரேசி 1972-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பினெல்லி விழுந்த நேரத்தில் அவர் அந்த அறையில் இல்லை என்றது 1975-ல் வந்த நீதிமன்ற முடிவு. கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை, உடல் நிலை தடுமாறி விழுந்தார் என்றும் அது சொன்னது. பலருக்கு அந்த விளக்கம் இன்றுவரை செரிக்கவில்லை. 2009-ல் குடியரசுத் தலைவர் நாபொலித்தானோ இருவருடைய மனைவியரையும் ஒரே மண்டபத்தில் சந்திக்கவைத்து, பினெல்லி குற்றமற்றவர் என்று அரசின் வாயால் சொன்னார். ஆகவே நாடகத்தின் கமிஷனரைக் கலாப்ரேசியின் சாயலில் உடுத்தி நிறுத்துவது 1970-ல் துணிச்சல், இப்போது சோம்பேறித்தனம். ஃபோ அந்தப் பாத்திரத்துக்கு அவர் பெயரை வைக்காதது இன்றைக்கு உதவுகிறது. டாம் பாஸ்டனின் 2022 தழுவல் இந்த நெருக்கடியை வேறு வழியில் கடந்தது: கதையை லண்டன் போலீஸுக்கே கொண்டுபோய்விட்டது.

கடைசிக் காட்சியிலும் தேர்வு இருக்கிறது. ரிச்சர்ட்ஸ் இரண்டு முடிவுகளை வைத்து, எது வேண்டும் என்று பார்வையாளரைக் கேட்டார். சாமர்த்தியம்தான், ஆனால் அங்கே போலீஸ்காரர்கள் விலங்கு மாட்டிக்கொண்ட வெறும் பொருள்களாகிவிடுகிறார்கள். ஃபோவின் மூலத்தில் விளக்கு அணைகிறது, அலறல் கேட்கிறது, பைத்தியமும் ஜன்னல் வழியே போய்விடுகிறான். பிறகு உண்மையான நீதிபதி வந்து சேர்கிறார். இங்கே பேச்சுக்கு வேலை அதிகமில்லை; அதிகாரிகளாக நடிப்பவர்கள் முதல் காட்சியிலிருந்து சேர்த்துவைத்த பயம், தந்திரம், பழக்கம் எல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் செலவாக வேண்டும். அதுவரை கோமாளிகளாக நின்றவர்களிடம் செலவழிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒத்திகையை இந்த நிமிடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும் இயக்குநர் யாராவது இருந்தால், டிக்கெட்டை இப்போதே வாங்கிக்கொள்கிறேன்.